கடை நம்பரில் பேசியவள்

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயில் மதிலை ஒட்டிப் போகும் தெருக்களில் ஒன்றில், எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. நடுவில் ஜமக்காளம், சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்கள், மூலையில் பார்சல் கட்டும் மேசை. என் கணவர் நெசவாளர்களுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். விற்பனை என் பொறுப்பு. நேரில் வருகிறவர்கள் குறைவு. கோயம்புத்தூர், பெங்களூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ போன் பண்ணுவார்கள். புடவையைப் படத்தில் பார்ப்பார்கள்; வாங்குவது என்னவோ பேச்சை வைத்துத்தான். தொட்டுப் பார்க்க முடியாத பட்டை ஒருத்தி வாயால் சொல்லிக் கேட்டால்தான் அவர்களுக்கு மனசு ஒப்பும்.

முதலில் என் சொந்த செல் நம்பரையே எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். குளிக்கப் போனால் அடிக்கும். தாயார் சந்நிதியில் கண்ணை மூடினால் அடிக்கும். என் கணவரின் நண்பர் ஒருவர் காந்தி ரோடு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். அவர்தான் கடைக்கென்று ஒரு இன்டர்நெட் நம்பர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சிம் கார்டு வேண்டாம், ஒயர் வேண்டாம். யார் யார் போனில் அந்த ஆப் இருக்கிறதோ அத்தனை போனும் ஒரே சமயத்தில் அடிக்கும், முதலில் எடுப்பவர் பேசலாம். பேசியதெல்லாம் தானாகப் பதிவாகிச் சில வாரங்கள் ஆப்பிலேயே இருக்கும், ஏதாவது தகராறு வந்தால் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்றார். என் போனிலும், கணவர் போனிலும், பார்சல் கட்ட வரும் அக்காவிடம் கொடுத்திருந்த கடைப் போனிலும் போட்டுக்கொடுத்தார்.

அந்த நம்பர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன்.

“எங்கயும் இல்லம்மா, அதான் அதோட வசதி” என்றார்.

உண்மையில் வசதியாகத்தான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. இடையில் நான் போன் மாற்றினேன். பழைய போனில் பேட்டரி உப்பிப்போயிருந்தது. படங்களையும் சொந்தக் கணக்குகளையும் அழித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு கடையில் அதைக் கொடுத்துப் புதிது வாங்கிக்கொண்டேன். மீதியை நாங்களே துடைத்துவிடுகிறோம் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். அதோடு அதை மறந்துபோனேன்.

முதல் சந்தேகம் ஓர் ஆடி மாதத்தில் வந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், வீட்டுக்குள் காற்று மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் அம்மா ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் புடவை தேடிக்கொண்டிருந்தார். அரக்குச் சிவப்பில் தாழம்பூ ரேக்கு பார்டர் போட்ட ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு நான் அவரை அழைத்தேன். அவர் குழம்பிப்போனார். அரக்கு வேண்டாம், பெண் மாநிறம், மண்டபத்து விளக்கில் முகம் மங்கிவிடும், கடுகு மஞ்சளில் மயில்கழுத்து பார்டர் எடுங்கள் என்று நேற்று நானே சொன்னேனாம். வீட்டில் எல்லோருக்கும் அந்த யோசனை பிடித்துப்போய் மஞ்சளுக்கு மனதைத் தயார் செய்து வைத்திருந்தார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் நான் சொல்லவில்லை.

பார்சல் கட்டும் அக்காவைக் கேட்டேன். அவர் போனை எடுத்தால் “இருங்கம்மா, அவங்கள கூப்புடுறேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். என் கணவருக்கு நெசவு தெரியும். மாநிறத்துக்கு எது எடுக்கும் என்று அவரைக் கேட்டால் எல்லாமே எடுக்கும் என்பார். நானே சொல்லிவிட்டு மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் பேசும்போது, மாமியாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் விசாரித்ததற்கு நன்றி சொன்னாள். அவள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். “பரவால்லம்மா” என்று சொல்லி வைத்தேன்.

அதன் பிறகுதான் அம்மா விஷயம். என் அம்மா ஆரணியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். என் சொந்த நம்பரை நான் கடை நேரத்தில் எடுப்பதில்லை என்பதால் கடை நம்பருக்கும் போடுவாள். ஒருநாள் காலையில் நானே அவளைக் கூப்பிட்டு வழக்கம்போல மாத்திரை போட்டாயா, கால் வலி எப்படி என்று கேட்டு வைக்கப் போனேன்.

“இன்னாடி, நேத்து அவ்ளோ நேரம் பேசிட்டு இன்னிக்கு ரெண்டு வார்த்தையில முடிக்கிறே?” என்றாள்.

நேற்றா என்று கேட்டேன்.

“மத்தியானம் கடை நம்பருக்குப் போட்டேனே. சின்ன வயசுல ஜுரம் வந்த கதைய சொல்லும்மான்னு கேட்டுக்கினு இருந்தியே. யாருகிட்டயும் சொல்லாதத எல்லாம் உன்கிட்ட சொன்னேன். மனசே லேசாயிட்சி.”

முந்தின நாள் மத்தியானம் நான் அம்மாவிடம் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு முன்னறையில் புடவைக் கட்டின் மேல் தலை வைத்துப் படுத்தவள் நன்றாகத் தூங்கிவிட்டேன். அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அன்று கணவர் வந்ததும் அவரை உட்காரவைத்து ஆப்பில் இருந்த பதிவுகளைத் திறந்தேன். அதுவரை ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்டதில்லை. பட்டியல் நீளமாகப் போயிற்று. மத்தியான நேரத்து அழைப்பு ஒன்றைத் தொட்டேன். கடைக்குப் போன் செய்த யாரோ ஒரு பெண்ணின் குரல் முதலில் கேட்டது. அதன் பிறகு என் குரல்.

“வணக்கம், சொல்லுங்கம்மா. சாப்பாடு ஆச்சா?”

நான் பேசுவது அப்படித்தான். சொல்லுங்கம்மாவில் கடைசி எழுத்தை இழுப்பது, விலை சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுவது, கேட்பவர் தயங்கினால் “நிதானமா பாருங்க, புடவை எங்கயும் போவாது” என்பது, எல்லாம் என்னுடையவை. தும்மலை அடக்கிக்கொண்டு பேசும் விதம்கூட என்னுடையது. அந்தப் பேச்சை நான் பேசியதாக ஒரு துளி ஞாபகமும் இல்லை.

“நீதானே?” என்றார் கணவர்.

இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதில் பயம் இல்லை, பரிவு இருந்தது. அவர் குடும்பத்தில் ஒரு பெரியம்மா இப்படித்தான் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தாராம். எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது. என்னைவிட்டு ஏதோ கழன்று போய்க்கொண்டிருக்கிறது, நான் இல்லாதபோது அது என் வாயைப் பயன்படுத்துகிறது என்று தோன்றியது. சில நாட்கள் வாசல் கோலத்தில் புள்ளி வைத்துவிட்டு எத்தனை வைத்தோம் என்று திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். பார்சல் கட்டும் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு எலுமிச்சம்பழம் ஒன்றை என் தலையைச் சுற்றித் தெருமுனையில் நசுக்கிவிட்டு வந்தார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

முன்னறையில் ஒரு கேமரா இருக்கிறது. விலை உயர்ந்த சரக்கு வைத்திருப்பதால் போட்டது. அம்மா பேசியதாகச் சொன்ன நாளின் படத்தைக் கணவர் தேடி எடுத்தார். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றிய வழி அது. கம்ப்யூட்டரில் படத்தை ஓடவிட்டு, அதே நேரத்துப் பதிவைப் போனில் போட்டார்.

படத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் காற்றில் என் முந்தானை நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் போன் கைக்கு எட்டாத தூரத்தில் மேசைமேல் கிடந்தது. வாய் மூடியிருந்தது. போனிலிருந்து என் குரல், “அம்மா, நீ சொல்லு, நான் கேட்டுக்கினுதான் இருக்கறேன்” என்றது.

நான் பாய்ந்து அதை நிறுத்தினேன். மேற்கொண்டு கேட்க என்னால் முடியவில்லை. ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. எனக்குப் புத்தி பிசகவில்லை. ஆனால் அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. படத்தில் தூங்குகிற நான் நானென்றால், என் அம்மாவிடம் கதை கேட்டது யார்?

கம்ப்யூட்டர் கடை நண்பரை வரச்சொன்னோம். அவர் இதில் எந்த மர்மத்தையும் காணவில்லை. ஆப்பின் உள்ளே போய் எந்தெந்த போனில் நம் நம்பர் திறந்திருக்கிறது என்று பார்த்தார். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. நான்காவது, நான் பஸ் ஸ்டாண்டு கடையில் கொடுத்துவிட்டு வந்த பழைய போன். மற்ற எல்லாவற்றையும் அழித்த நான் இந்த ஆப்பை அழிக்க மறந்திருக்கிறேன். கடைக்காரரும் துடைக்கவில்லை. வாங்கியவர் யாரோ நம் அழைப்புகளை எடுத்துப் பேசுகிறார், பதிவுகள் எல்லாம் அவர் போனிலும் இருக்கும், இதோ ஒரு தட்டு தட்டினால் வெளியே போய்விடுவார் என்று விரலைக் கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எனக்கு அவளிடம் பேச வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம், எங்கள் மூன்று போன்களிலும் ஆப்பை மூடிவிட்டு, அக்காவின் சொந்த போனிலிருந்து எங்கள் கடை நம்பரை அழைத்தேன். கணவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் மணி அடித்தது.

“வணக்கம், சொல்லுங்கம்மா.”

பதிவில் கேட்பது வேறு, நேரில் கேட்பது வேறு.

“லைன்ல இருக்கீங்களா? சிக்னல் இல்லன்னா கொஞ்சம் வெளிய வந்து பேசுங்கம்மா” என்றது என் குரல். யாராவது பதில் சொல்லாவிட்டால் நான் சொல்கிற வாக்கியம் அது.

யார் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“கடையில இருந்துதான்மா பேசறேன்.”

“அந்தக் கடை என்னுது” என்றேன்.

அந்தப் பக்கம் கோழிகள் கொக்கரிப்பதும் தூரத்தில் மோட்டார் பம்ப் ஓடுவதும் கேட்டன. அழைப்பைத் துண்டித்துவிடுவாள் என்று நினைத்தேன். துண்டிக்கவில்லை. பிறகு வேறொரு குரல் வந்தது. மெலிந்த, தொண்டையிலேயே நின்றுவிடுகிற குரல்.

“தப்பு அயிபோயிந்தி அம்மா” என்றது. தப்பு நடந்துபோச்சு என்று தெலுங்கில் சொன்னாள்.

எந்த ஊர் என்று கேட்டதற்கு மாகறல் என்றாள். நாங்கள் வரலாமா என்று கேட்டேன். வாங்க என்றாள். கோயில் தாண்டி எந்தத் தெரு, வீட்டுக்கு என்ன அடையாளம் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னாள். நான் கேட்பேன் என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவள்போல இருந்தது.

ஓரிக்கை தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, நானும் கணவரும் பைக்கில் போனோம். வழியெல்லாம் அவர் போலீஸ், புகார் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சாலையோர வயல்களில் வெயில் அடித்துக் கிடந்தது. நான் என்னைப் பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பு மனதை விட்டு விலகவில்லை. கதவைத் திறந்தால் என் முகமே இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட நினைத்தேன்.

கதவைத் திறந்தவள் என்னைவிட இளையவள். ஒல்லியான உடம்பு, நெற்றியில் அகலமான பொட்டு. முகத்தில் என் சாயல் ஒன்றும் இல்லை. பாய் விரித்து உட்காரச் சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் என் முகத்தில் நிற்கவில்லை. நேராக என் இடது காலுக்குப் போயிற்று. கணுக்காலுக்கு மேலே எனக்கு ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. புடவை அதை மூடியிருந்தது. அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது. அம்மா சொல்லியிருக்கிறாள். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து சில வருஷங்கள் ஆகின்றன. கணவன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. கம்பெனி பஸ்ஸில் போனால் வருவதற்குப் பொழுது ஆகிவிடும். குழந்தை இல்லை. வந்த புதிதில் இவள் தமிழ் பேசினால் தெருவில் சிரித்தார்கள். குழாயடியில் இவள் சொன்னதையே திரும்பச் சொல்லிக்காட்டிச் சிரித்தார்கள். பேசுவதை நிறுத்திவிட்டாள். கடைக்குப் போனால் வேண்டிய சாமானை விரலால் காட்டுவாள். பொழுதுபோக்குக்குக் கணவன் ஒரு பழைய போனை வாங்கிவந்து கொடுத்தான். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது என் குரல் வந்தது.

“ரேடியோன்னு நெனச்சேன்” என்றாள். “அப்புறம் தெரிஞ்சுது. ஆனா நிறுத்த மனசு வரல.”

சமைக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது எல்லாம் என்னை ஓடவிட்டிருக்கிறாள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் நிறுத்திவிட்டு அதைத் திரும்பச் சொல்வாள். சரியாக வரும்வரை சொல்வாள். புடவையின் நிறங்களை, பார்டரின் பெயர்களை, யார் எதற்கு வாங்குகிறார்கள் என்பதை அப்படியே கற்றுக்கொண்டாள். அவள் பிறந்த வீடும் தறி வைத்த வீடுதான் என்பதால் பட்டு அவளுக்குப் புதிதல்ல. ஒருநாள் போன் அடித்தபோது, எங்களில் யாரும் எடுக்காமல் அது அடித்துக்கொண்டே இருந்ததைத் தாங்க முடியாமல் எடுத்துவிட்டாள். எதிர்முனையில் இருந்தவர் சிரிக்கவில்லை. நன்றாகப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ பொறுக்கி எடுத்துவந்து வைப்பதுபோலப் பேசினாள். இவளா என் குரலில் பேசினாள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது அலமாரியில் இருந்த அந்த போன் அடித்தது. எங்கள் மூன்று போன்களில் ஆப் மூடியிருந்ததால் அது மட்டும் அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். எடு என்று தலையாட்டினேன். அவள் எழுந்துபோய் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தாள்.

“வணக்கம், சொல்லுங்கம்மா. ஆமாம்மா, காஞ்சிபுரத்துல இருந்துதான் பேசறேன். ம்ம். யாருக்கும்மா எடுக்கறீங்க, உங்களுக்கா, பொண்ணுக்கா?”

அவள் தோள் நிமிர்ந்திருந்தது. இடது கை தானாக எழுந்து காற்றில் மடிப்பை நீவிவிட்டது. பேசும்போது நான் அப்படிச் செய்வேன் என்பதைப் பதிவில் அவள் பார்த்திருக்க வழியே இல்லை. பதிவில் குரல் மட்டும்தான் உண்டு. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் என்ற பேச்சு அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவள் பேசி முடித்துத் திரும்பியபோது தோள் மறுபடியும் இறங்கியிருந்தது. என் அம்மாவிடம் ஏன் பேசினாய் என்று கேட்டேன்.

“அவங்க சாப்டியான்னு கேட்டாங்க” என்றாள். “எனக்கு அம்மா லேது.”

நான் அந்த போனை வாங்கி, என் விரலாலேயே ஆப்பை மூடி அழித்துவிட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நாங்கள் தெருவைத் தாண்டும்வரை வாசலில் நின்றிருந்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் வந்தன, வேலை நிறைய இருந்தது. ஆனால் போனை எடுத்து “வணக்கம்” என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கூச்சம் வந்தது. அது அவள் சொல்வதுபோல இருந்தது. அவள் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்ட ஒரு சின்ன “ம்ம்” என் பேச்சிலும் ஒட்டிக்கொண்டுவிட்டதை ஒருநாள் கவனித்தேன். எவ்வளவு முயன்றும் அதை விடமுடியவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரணிக்கு நேரிலேயே போய்ச் சொன்னேன். அவள் கோபப்படுவாள், பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் சொன்னது உனக்குத் தெரியவே தெரியாதா?” என்றாள்.

தெரியாது, இப்போது சொல்லு என்றேன்.

“அதெல்லாம் ஒருவாட்டிதான்மா வாயில வரும். சொல்லியாச்சி” என்று எழுந்துபோய்விட்டாள். எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைத் தேடினேன். சில வாரங்கள் தாண்டினால் பழையவை தானாக அழிந்துவிடும். அழிந்திருந்தது. என்னைப் பற்றி என் அம்மா சொன்ன ஒரு விஷயம் மாகறலில் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது.

இந்த முறை தனியாக, பஸ்ஸில் போனேன். அவள் என்னைக் கண்டதும் பயந்தாள். வந்த காரணத்தைச் சொன்னேன். சொல்லத் தொடங்கினாள், இரண்டு வார்த்தையில் நின்றுபோயிற்று. தலையை ஆட்டினாள். நேருக்கு நேர் நின்று தன்னால் சொல்ல முடியாது, போன் வேண்டும் என்று கையால் காட்டினாள். தெலுங்கில் சொல்லு என்றேன். அம்மா தமிழில் சொன்னது, தமிழில்தான் வரும் என்றாள்.

நான் அவள் நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருக் கோடியில் செய்யாறு. தண்ணீர் இல்லை, மணலும் நாணலும்தான். கரையில் நின்று அவளை அழைத்தேன்.

“வணக்கம்மா” என்றது என் குரல். “சொல்றேன், நிதானமா கேளுங்க.”

எனக்கு ஜுரம் வந்து தணிந்தபோது ஐந்து வயதுக்குள் இருக்குமாம். கண் விழித்ததும் அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். அங்கேயே சாப்பிட்டேன், அங்கேயே தூங்கினேன். அம்மா வந்து தூக்கினால் அந்நியரைக் கண்டதுபோல வீறிட்டு அழுதேன். ஒருமுறை அவள் பிடியிலிருந்து திமிறி ஓடியபோதுதான் காய்ச்சி வைத்த கஞ்சிப் பானை காலில் கவிழ்ந்தது. மாதக்கணக்கில் அப்படி இருந்தேனாம். அம்மா தறியில் உட்கார்ந்தபடி, பக்கத்து வீட்டில் தன் மகள் வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே நெய்திருக்கிறாள். பிறகு அந்தப் பெண் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். சில நாள் அழுதுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நான் அம்மாவிடம் வந்து சேர்ந்திருக்கிறேன்.

எனக்கு இதில் எதுவும் நினைவில்லை. தழும்பு மட்டும் இருக்கிறது. ஆளில்லாத ஆற்றங்கரையில் வெயிலில் நின்றுகொண்டு, என் குரலே எனக்குத் தெரியாத என்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் குரல் நின்றபோது நாணலின் சரசரப்பு மட்டும் இருந்தது. யாரோ பின்னால் நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அம்மா அழுதாளா என்று கேட்டேன்.

“இல்லம்மா. சிரிச்சாங்க. இப்பவாவது கேட்டியேன்னு சொன்னாங்க.”

அவளை எங்களோடு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்த பிறகு எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மத்தியான அழைப்புகள் அவளுக்கு என்று பேசி முடித்தோம். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: உன் குரலில் பேசு, எப்படி வருகிறதோ அப்படிப் பேசு. அவள் சரியென்றாள். சில நாட்கள் முயன்றாள். அந்தப் பதிவுகளை நான் கேட்டேன். கேட்பவர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க, இவள் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு அவர்கள் வைத்துவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் பதிவில் மறுபடியும் நான் பேசிக்கொண்டிருந்தேன். தெளிவாக, கனிவாக. நான் அவளைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. அன்றோடு பதிவுகளைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அம்மா சில மத்தியானங்களில் கடை நம்பருக்குப் போடுகிறாள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்பதில்லை.

போன தை மாதம் சேலத்திலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகளும் நேரிலேயே வந்தார்கள். கோயிலில் தரிசனம் முடித்துவிட்டுக் கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். நான் வரவேற்று ஜமக்காளத்தில் உட்காரவைத்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார்.

“போன்ல பேசுறவங்க இல்லையாம்மா?”

நான்தான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இல்லைம்மா, அவங்க பேசினா வேற மாதிரி இருக்கும் என்றார். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று மேற்கொண்டு சொல்லாமல் இருந்தேன். நல்ல மத்தியான நேரம். அவரே தன் கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கடை நம்பரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். என் போனும் மேசையில் அடித்தது. நான் எடுக்கவில்லை. ஓரிரு மணியில் அது நின்றது.

“வணக்கம், சொல்லுங்கம்மா. வந்துட்டீங்களா? தரிசனம் நல்லபடியா ஆச்சா?”

அவர் முகம் மலர்ந்தது. மகளுக்கு எதை எடுக்கலாம் என்று கேட்டார். குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. எந்த பீரோவில் எது இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. நான் எழுந்து போய் அது சொன்ன புடவைகளை எடுத்துவந்து அவர்கள் முன்னால் பிரித்துப் போட்டேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. புடவையையும் மடியில் இருந்த போனையும்தான் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்த வெங்காயச் சருகு கலர எடுத்துருக்காங்களா?” என்றது குரல். “ம்ம். முந்திய கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கம்மா.”

நான் முந்தியைத் திருப்பிக் காட்டினேன்.